கரடி வளர்த்த உடன்பிறப்பு

போரையும் இடப்பெயர்வையும் கண்ட மண்ணின் பிள்ளைகளுக்கு உள்ளதை உள்ளபடி கூறும் கதைகளே உகந்தவை என்றும், பேசும் வெண்கலத் தலையும் பறக்கும் மரக்குதிரையும் அரக்கரும் நடமாடும் கதைகள் அவர்களை வாழ்க்கையிலிருந்து பிரித்துப் பகற்கனவில் ஆழ்த்திவிடும் என்றும் ஒரு கருத்து யாழ்ப்பாணக் குடாநாட்டின் கல்விச் சூழலில் ஆழ வேரூன்றியிருக்கிறது. பாடசாலை நூலகத்துக்கு நூல் தெரிவோரும், பரிசளிப்பு விழாவுக்குப் புத்தகம் வாங்குவோரும், சிறுவர் கதைப் போட்டிகளில் நடுவராக அமர்வோரும் பெரும்பாலும் இக்கருத்தை ஆராயாமலே ஏற்றுக்கொள்கின்றனர். வடபுலத்துத் தமிழ் ஆசிரியர்களைப் பல பத்தாண்டுகளாகப் பயிற்றி அனுப்பிவரும் ஆசிரிய கலாசாலை அமைந்த கோப்பாயில் இக்கருத்து நிலவுமாயின், அதன் விளைவு கோப்பாயோடு நின்றுவிடாது; அங்கு பயின்று செல்லும் ஒவ்வோர் ஆசிரியரோடும் அது தீவகத்துக்கும் வன்னிக்கும் சென்று, ஒவ்வொரு வகுப்பறையின் புத்தக அலுமாரியிலும் எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்று தீர்ப்பு எழுதும். ஆகவே அதனை வேரிலேயே மறுக்க வேண்டியுள்ளது. அக்கருத்து பிள்ளைகளைப் பற்றித் தவறாக எண்ணுகிறது. கதையைப் பற்றியும் தவறாக எண்ணுகிறது. ஈழத்துத் தமிழ்ப் புனைகதை எங்கிருந்து தொடங்கியது என்பதையும் மறந்துவிட்டுப் பேசுகிறது.

மறுக்கப்படும் கருத்துக்கு மதிப்பான ஒரு பரம்பரை உண்டு என்பதை முதலில் ஏற்றுக்கொள்வதே நேர்மை. 1950களிலும் 1960களிலும் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கமும், க. கைலாசபதி, கா. சிவத்தம்பி முதலிய திறனாய்வாளரும் யதார்த்தவாதத்தை, அதாவது மனித வாழ்வை அதன் சமூகக் காரணங்களோடு நம்பத்தக்க முறையில் சித்திரிக்கும் எழுத்துமுறையை, இலக்கியத்தின் உரைகல்லாக நிறுவினர். 1968இல் வெளிவந்த கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' நாவல் என்னும் வடிவத்தின் எழுச்சியைச் சமூக மாற்றத்தோடு இணைத்து ஆராய்ந்து, பழைய அற்புதக் கதையிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது என்பதைத் தெளிவாக்கிய நூல். அந்த உரைகல் இல்லாதிருந்தால் டொமினிக் ஜீவாவின் சிறுகதைகளுக்கும் கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலுக்கும் உரிய வாசகர் வட்டம் அவ்வளவு விரைவில் உருவாகியிருக்காது. ஒடுக்கப்பட்ட மக்களின் பேச்சும் பசியும் இலக்கியத்துக்குள் நுழைய அது வழிதிறந்தது. அந்தப் பணியை இக்கட்டுரை குறைத்து மதிப்பிடவில்லை. வளர்ந்தோரின் நாவலுக்கென வகுக்கப்பட்ட அளவுகோலைப் பின்வந்தோர் எடுத்து, பத்து வயதுப் பிள்ளையின் மடியில் விரிந்திருக்கும் கதையையும் அதனாலேயே அளக்கத் தொடங்கியதுதான் பிழை. மிகுபுனைவு என்று இன்று அழைக்கப்படும் எழுத்து, அதாவது நடைமுறை உலகின் விதிகளை மீறிய நிகழ்ச்சிகளைத் தனக்கென வகுத்த ஒழுங்கோடு சொல்லும் கதை, அந்த அளவுகோலின் முன் எப்போதும் தோற்கவே செய்யும். அளக்கப்படுவது எதுவோ அதற்கேற்ற கோல் அது அன்று.

இவ்வாறு தோற்கடிக்கப்பட்ட நூல்களுள் மிக முக்கியமானது 'ஊசோன் பாலந்தை கதை'. திருகோணமலையைச் சேர்ந்த எஸ். இன்னாசித்தம்பி எழுதி 1891இல் வெளிவந்த இந்நூல், ஐரோப்பாவெங்கும் வழங்கிய இரட்டைச் சகோதரர் கதை ஒன்றின் தமிழ் வடிவம். அக்கதை பிரெஞ்சு உரைநடையில் 1489இல் லியோன் நகரில் அச்சேறி, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹென்றி வாட்சன் என்பவரால் ஆங்கிலத்துக்கு வந்து, பின்னர் மலிவுப் பிரசுரங்கள் வழியாகச் சிறுவரின் கைக்குச் சேர்ந்தது. 1843இல் வெளியான சார்ல்ஸ் டிக்கின்ஸின் 'கிறிஸ்மஸ் கரோல்' கதையில், விடுமுறைக்கும் வீட்டுக்கு அழைக்கப்படாமல் பாடசாலையில் தனித்து விடப்பட்ட சிறுவனுக்குத் துணையாக இருந்த கதைமாந்தருள் இவ்விரு சகோதரரும் இடம்பெறுகின்றனர். ஈழத்து நாவல் வரலாறுகளில் இன்னாசித்தம்பியின் நூல் தவறாமல் குறிப்பிடப்படுகிறது. குறிப்பிடப்பட்டவுடன், நாவலுக்குரிய பண்பு இல்லாத அற்புதக் கதை என்ற தீர்ப்போடு ஒதுக்கியும் வைக்கப்படுகிறது. முதல் நாவல் எது என்ற போட்டியில் அதற்கு இடமில்லை என்று கூறுவதில் தவறில்லை. ஆனால் அந்தப் போட்டியில் தோற்றதையே காரணமாகக் கொண்டு அதன் உள்ளடக்கம் என்ன என்று எவரும் கேளாமல் விட்டது பெருங் குறை.

கதையின் ஐரோப்பிய வடிவத்தைச் சற்று விரித்துப் பார்ப்பது வாதத்துக்கு அவசியம். கொன்ஸ்தாந்திநோப்பிளின் பேரரசன் அலெக்சாந்தரின் மனைவி பெலிசாந், தன்னை விரும்பி மறுக்கப்பட்ட தலைமைக் குரு ஒருவன் சுமத்திய பொய்ப் பழியால் நிறைசூலியாக நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, பிரான்சின் ஓர்லியன்ஸ் நகருக்கு அண்மையிலுள்ள காட்டில் இரண்டு ஆண் குழந்தைகளைப் பெறுகிறாள். ஒன்றைப் பெண்கரடி கவ்விச் செல்ல, தாய் அதன் பின்னே ஓடுகிறாள். தனித்துக் கிடந்த மற்றக் குழந்தையை அவ்வழி வந்த மன்னன் பெப்பின், அது தன் தங்கையின் பிள்ளை என்று அறியாமலே எடுத்துச் சென்று அரண்மனையில் வளர்க்கிறான். கரடி தான் கொண்டுசென்ற குழந்தையைத் தின்னவில்லை. தன் குட்டிகளோடு சேர்த்துப் பாலூட்டுகிறது. அரண்மனையில் வளர்ந்தவன் பாலந்தை. காட்டில் உடலெங்கும் மயிர் அடர்ந்து, பேச்சறியாமல், வழிப்போக்கரை நடுங்கவைத்துத் திரிந்தவன் ஊசோன். காட்டு மனிதனை அடக்கப் பாலந்தையே புறப்படுகிறான்; இருவரும் ஒருவர் மற்றவரின் உதிரம் சிந்தும்வரை பொருதுகின்றனர்; வென்றவன் தோற்றவனைக் கொல்லாமல் கட்டி ஊருக்குக் கொண்டுவருகிறான். கட்டி வந்தவன் ஏவலனாகிறான், பின்பு தோழனாகிறான், நெடுங்காலம் சென்ற பின்னரே, மாயக் கோட்டையொன்றில் இருக்கும் பேசும் வெண்கலத் தலை உரைத்த சொல்லால், உடன்பிறந்தவன் என்று அறியப்படுகிறான். அதே தலை ஊசோனின் நாவுக்கடியிலுள்ள நரம்பை அறுத்தால் அவனுக்குப் பேச்சு வரும் என்றும் கூறுகிறது, அவ்வாறே வருகிறது.

இக்கதைக்கும் ஈழத்துத் தமிழ்ப் புனைகதையின் மற்றத் தொடக்க நூலுக்கும் இடையிலான உறவு போதிய அளவு கவனிக்கப்படவில்லை. 1885இல் வெளிவந்த சித்திலெவ்வையின் 'அசன்பே சரித்திரம்' எகிப்தின் உயர்குடியில் பிறந்து, சிறுவயதில் கடத்தப்பட்டு, பம்பாயில் வளர்ந்து, பல இடர்களைத் தாண்டித் தன் பிறப்பை அறியும் ஒருவனின் கதை. ஆறாண்டு இடைவெளியில் இலங்கையின் இருவேறு ஊர்களில், ஒருவர் இஸ்லாமியராகவும் மற்றவர் கத்தோலிக்கராகவும் இருந்து எழுதிய இரண்டு நூல்களும், பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளை எவ்வாறு உயிர்தப்புகிறது, எவ்வாறு தன்னவரைக் கண்டடைகிறது என்ற ஒரே வினாவைச் சுற்றியே சுழல்கின்றன. இதைத் தற்செயல் என்று கடந்துபோவது எளிது. ஆயினும் அச்சுநூலைக் கையிலெடுத்த முதல் தலைமுறைத் தமிழ் வாசகருக்கு எழுத்தாளர்கள் கொடுக்க விரும்பியது எது என்பதற்கு இவ்விரு நூல்களும் சான்று. பிரிவையும் தப்பிப் பிழைத்தலையும் மீள்சேர்க்கையையும் பற்றிய சாகசக் கதைகளே ஈழத்துப் புனைகதையின் அடித்தளத்தில் உள்ளன. அவற்றை வளர்ச்சி பெறாத முயற்சிகள் என்று மட்டும் காண்போர், கட்டடத்தின் உயரத்தை அளந்துகொண்டு அத்திவாரத்தை மறந்தவராவர்.

அந்நியக் கதை என்பது அடுத்த ஆட்சேபம். ஐரோப்பிய அரசரின் கதை கோப்பாய்ப் பிள்ளைக்கு எதற்கு என்ற கேள்வி நியாயமானதுபோல் தோன்றும். யாழ்ப்பாணத்துக் கரையோரக் கத்தோலிக்க ஊர்களின் கூத்து மரபை அறிந்தவருக்கு அது நியாயமாகத் தோன்றாது. தலைமுறை தலைமுறையாக விடியவிடிய ஆடப்பட்டுவந்த எஸ்தாக்கியார் நாடகத்தின் மூலவரலாற்றில், ஆற்றைக் கடக்கும் தந்தையின் கண்முன்னே ஒரு மகனைச் சிங்கமும் மற்றவனை ஓநாயும் கவ்விச் செல்கின்றன. இருவரும் வெவ்வேறு ஊரவரால் காப்பாற்றப்பட்டு, அடுத்தடுத்த ஊர்களில் ஒருவரையொருவர் அறியாமல் வளர்ந்து, பிற்காலத்தில் ஒரே படையில் வீரராகச் சேர்ந்து, தம் சிறுபிராயத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளும்போது சகோதரர் என்று அறிகின்றனர். விலங்கு பிரித்த சகோதரர் என்ற செய்தி தமிழ் மேடையில் தமிழ்ப் பாட்டாகி, தமிழ்த் தாளத்துக்கு ஆடப்பட்டு, தமிழ்ப் பெண்களின் கண்ணீரைப் பெற்றுவிட்டது. அதற்குப் பிறகும் அதனை அந்நியம் என்பது அந்த ஊர்களின் மக்களையே அந்நியர் என்பதற்கு ஒப்பாகும்.

சைவச் சூழலில் வளரும் பிள்ளைக்கோ இதைவிட நெருங்கிய சான்று உண்டு. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராணம் ஆண்டுதோறும் படித்துப் பயன் சொல்லப்படுகிறது. ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க மற்றவர் பொருள் விரிக்கும் இந்தப் புராண படனத்தில், சூரபத்மன், சிங்கமுகன், தாரகன் என்னும் மூன்று சகோதரரின் வரலாறு மிகுந்த அக்கறையோடு சொல்லப்படுவது வழக்கம். அண்ணன் செய்வது அநீதி, தேவரைச் சிறைவிடுக என்று அவையில் எடுத்துரைத்த சிங்கமுகன், அந்த அறிவுரை ஏற்கப்படாதபோது அண்ணனைக் கைவிடாமல் அவனுக்காகவே போர்க்களம் புகுந்து மடிகிறான். சரியானதைச் சொல்லுதலும் உடன்பிறந்தவனை விட்டு நீங்காதிருத்தலும் ஒன்றோடொன்று மோதும்போது என்ன செய்வது என்ற, வளர்ந்தோரையே திணறடிக்கும் கேள்வி, ஆயிரம் தலை கொண்ட ஒரு மாயப் பாத்திரத்தின் வழியாகவே இங்குள்ள பிள்ளைகளை வந்தடைகிறது. கந்தசட்டியின் இறுதியில் நல்லூர் முதலிய முருகன் கோயில்களில் நடைபெறும் சூரன் போரின்போது, இளைஞர்களின் தோளில் சூரனின் உருவம் முன்னும் பின்னும் பாய்ந்து ஆட, யானைத் தலை கழற்றப்பட்டுச் சிங்கத் தலை பொருத்தப்படும் நேரத்தில் முன்வரிசையில் நிற்கும் சிறுவர் ஓரடி பின்வாங்கி, மறுகணமே இரண்டடி முன்னே நகர்வதைக் கண்டவர் எவரும், மிகுபுனைவு பிள்ளைகளை உண்மையிலிருந்து விலக்கும் என்று சொல்லத் துணியமாட்டார். அது மரத்தலை என்பது அச்சிறுவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அஞ்சவும், அஞ்சியபடியே நெருங்கவும் அவர்களால் இயலும். அந்த இரட்டை அறிவுதான் கதை வாசிப்பின் அடிப்படைத் திறன்.

வரலாறு என்று மதிக்கப்படும் நூலும் இதற்கு விலக்கன்று. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய 'யாழ்ப்பாண வைபவமாலை', குதிரைமுகம் நீங்கக் கீரிமலையில் நீராடிய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியையும் சிங்கமுகம் கொண்ட உக்கிரசிங்கனையும் தன் வரலாற்றின் தொடக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்துகிறது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் தலவரலாறு அந்த இளவரசியோடு பிணைந்தது. குதிரைமுக இளவரசியைப் பாட்டன் சொன்னால் மரபு என்றும், பறக்கும் குதிரையைப் புத்தகம் சொன்னால் பொய் என்றும் வகுப்பதற்கு எந்த நெறியும் இல்லை.

இனி மையமான ஆட்சேபத்துக்கு வரலாம். அரசகுமாரரின் வீரத்தைப் புகழும் இத்தகைய கதைகள் நிலப்பிரபுத்துவ விழுமியங்களை, அதாவது பிறப்பால் சிலர் ஆளவும் பிறர் பணியவும் உரியவர் என்ற பழைய எண்ணத்தை, பிள்ளைகளின் மனத்தில் விதைக்கும் என்பது முற்போக்கு மரபின் வழிவந்தோர் எழுப்பும் கண்டனம். ஊசோன் ஏற்றுக்கொள்ளப்படுவது அவன் பேரரசனின் மகன் என்று தெரிந்தபின்னரே என்ற வகையில் இக்கண்டனத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் கதையின் நடுப்பகுதியை ஊன்றி நோக்கினால் அது வேறொன்றைச் சொல்வது புலப்படும். அக்கிற்றேன் நாட்டுப் பிரபுவின் மகளைச் சிறைகொள்ள வந்து நிற்கும் பச்சை வீரனை எவராலும் வெல்ல இயலவில்லை. அரண்மனையில் ஆயுதப் பயிற்சி பெற்ற பாலந்தையாலும் இயலவில்லை. எந்தப் பெண்ணின் பாலையும் குடிக்காத அரசமகன் ஒருவனே அவனை வெல்ல முடியும் என்பது விதி. கரடிப்பால் குடித்த ஊசோன் வெல்கிறான். குலம் மட்டும் போதுமானால் பாலந்தை வென்றிருக்க வேண்டும். காடு கொடுத்தது எதுவோ, ஊரார் எதைக் கண்டு அருவருத்தனரோ, அதுவே வெற்றிக்கு இன்றியமையாததாகிறது. விலங்கென்று விரட்டப்பட்டவன் உடன்பிறந்தவன் என்பதோடு, அவனுடைய வேறுபட்ட வளர்ப்பு குறையன்று, அதுவே அவன் வலிமை என்பதையும் கதை நிகழ்ச்சியால் நிறுவுகிறது. 1960களின் பிற்பகுதியில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்த ஒரு சமூகத்தில், எல்லாரும் சகோதரர் என்று பாடப்புத்தகத்தில் எழுதி மனனம் செய்விப்பதைக் காட்டிலும், கட்டி இழுத்து வரப்பட்டவனே அண்ணனாகவோ தம்பியாகவோ இருந்தான் என்று அதிரவைக்கும் ஒரு கதை ஆழமாக வேலை செய்யும். முற்போக்காளர் ஒதுக்கிய நூலுக்குள் முற்போக்காளரின் சொந்தக் கோரிக்கையே பொதிந்து கிடந்தது.

உடன்பிறப்பு பற்றிய அறவுரைக் கதைகளின் பலவீனமும் இங்கேதான் வெளிப்படுகிறது. ஒட்டிப் பிறந்த பாசமுள்ள அண்ணன் தம்பியரை அவை முதல் வரியிலேயே தந்துவிடுகின்றன. சண்டை வந்தாலும் அடுத்த பக்கத்தில் சமாதானம். உண்மையில் உடன்பிறப்பு என்பது பிறப்போடு முடிந்துவிடும் காரியமன்று. ஒருவர் மற்றவரைத் தன்னவர் என்று அறிந்து ஏற்க வேண்டிய நெடிய பணி. தமிழில் வில்லிபுத்தூரார் பாடிய பாரதத்தின் நச்சுப்பொய்கைச் சருக்கத்தில், இறந்துகிடக்கும் தம்பியருள் ஒருவனையே மீட்கலாம் என்ற நிலையில் தருமன் தன் தாய் வயிற்றில் பிறந்த வீமனையோ அருச்சுனனையோ கேட்காமல், மாத்திரி பெற்ற பிள்ளையைக் கேட்கிறான். குகனையும் சுக்கிரீவனையும் வீடணனையும் தம்பியராகக் கொள்ளும் கம்பனின் இராமனும் அதே வரிசையில் வருபவன். இக்கணக்குகள் யாவும் மாயப் பொய்கையும் வானரமும் அரக்கரும் உள்ள உலகிலேயே சாத்தியமாயின. தன் இரத்தம் என்ற எல்லையைத் தாண்டிய உடன்பிறப்பைச் சொல்ல, தமிழ் மரபு எப்போதும் மிகுபுனைவையே நாடியிருக்கிறது.

போரைக் கண்ட பிள்ளைகளுக்கு நடைமுறை உண்மையே வேண்டும் என்ற வாதத்தை உலக அனுபவமும் தாங்கவில்லை. வார்சோ யூதச் சேரியில் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தை நடத்திய மருத்துவரும் சிறுவர் எழுத்தாளருமான யானுஸ் கோர்சாக், 1942 யூலை 18இல், பசியும் சாவும் சூழ்ந்திருந்த அந்த இல்லத்தில், தாகூரின் 'தபால் நிலையம்' நாடகத்தைப் பிள்ளைகளைக் கொண்டு மேடையேற்றினார். நோயால் அறைக்குள் அடைபட்டு, அரசனின் கடிதம் வரும் என்று சன்னலருகே காத்திருக்கும் அமல் என்ற சிறுவனின் கதை அது. அடுத்த மாதத் தொடக்கத்தில் கோர்சாக்கும் பிள்ளைகளும் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வெளியே என்ன நடக்கிறது என்பது அப்பிள்ளைகளுக்குத் தெரியாததன்று. அவர்களுக்கு அதை மீண்டும் யதார்த்தமாக எடுத்துக் காட்ட ஒரு நாடகம் தேவைப்படவில்லை. தமக்கு நேர்வதைத் தாங்கிப் பார்க்க ஓர் உருவம் தேவைப்பட்டது. அதைக் கோர்சாக் கொடுத்தார்.

ஸ்வீடன் எழுத்தாளர் அஸ்திரித் லின்ட்கிரேன் 1973இல் வெளியிட்ட 'சிங்கநெஞ்சச் சகோதரர்' என்னும் நாவலுக்கு நேர்ந்ததும் அறியத்தக்கது. எரியும் வீட்டிலிருந்து நோயாளித் தம்பியை முதுகில் சுமந்து குதித்து உயிர்விடும் அண்ணன், பின்னர் தம்பியும் இறந்து அவனை அடையும் நங்கியாலா என்ற மறுவுலகம், அங்கும் ஒரு கொடுங்கோலனும் அவன் ஏவும் கட்லா என்ற அரக்க விலங்கும் என்று விரியும் அந்நூலை, வெளிவந்த காலத்தில் ஸ்வீடனின் சமூகநோக்குள்ள விமர்சகர் சிலர், தீமையின் சமூகக் காரணங்களை விளக்காமல் எளிமைப்படுத்துகிறது என்று கண்டித்தனர். யாழ்ப்பாணத்தில் கேட்கும் அதே கண்டனம். ஏறத்தாழ அதே சொற்கள். ஆயினும் சாவுக்கு அஞ்சிய பிள்ளைகளும், சகோதரரை இழந்த பிள்ளைகளும் அந்நூலைப் பற்றிக்கொண்டனர். கொடுங்கோன்மையின் பொருளாதார வேர் எது என்று பத்து வயதில் எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. அண்ணன் இல்லாமல் தான் துணிவோடு இருக்க முடியுமா என்றே கேட்கிறது. அதற்கு விடை தரும் நூலை, வேறொரு கேள்விக்கு விடை தரவில்லை என்று குற்றஞ்சாட்டுவது முறையன்று.

கோப்பாயின் சொந்த வரலாறு இவ்வாதத்துக்கு வலுவூட்டுகிறது. 1560இல் போர்த்துக்கேயப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனோ த பிரகன்சாவின் படை நல்லூரைக் கைப்பற்றியபோது யாழ்ப்பாண அரசன் பின்வாங்கிச் சென்றது கோப்பாய்க் கோட்டைக்கே. அங்கிருந்து அவன் வன்னிப் பக்கம் தப்பியோடினான். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, வலிகாமத்தின் கிழக்கு ஓரத்தில், நீரேரிக்கு இப்பால் இருக்கும் கோப்பாயும் வெறுமையானது. அந்த இரவில் கைப்பிடி நழுவிப் பிரிந்த பிள்ளைகளும், அதற்கு முன் 1980களிலேயே வெளிநாடு அனுப்பப்பட்ட தமையன்மாரும், 2009க்குப் பின் இருக்கிறாரா இல்லையா என்று அறியப்படாதோரும் இவ்வூர்க் குடும்பங்களின் பேச்சில் இன்றும் இருக்கின்றனர். ஒரே வயிற்றில் பிறந்து ஒருவன் கோப்பாயிலும் மற்றவன் ரொறன்ரோவிலும் வளர்ந்து, முப்பது ஆண்டு கழித்துச் சந்திக்கும்போது ஒருவனின் பிள்ளைகள் பேசும் மொழி மற்றவனின் பிள்ளைகளுக்கு விளங்காத நிலை இங்கு அருமையன்று. அரண்மனை மொழி பேசும் பாலந்தையும் பேச்சற்ற ஊசோனும் எதிரெதிரே நிற்கும் காட்சி, இப்பிள்ளைகளுக்கு மற்ற எந்த நாட்டுப் பிள்ளைகளையும்விட எளிதில் விளங்கும். இத்தகைய அனுபவமுள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சிக்கனம், சுத்தம், நேரந்தவறாமை ஆகியவற்றைப் போதிக்கும் கதைகளையே தெரிந்தெடுத்துக் கொடுத்துவிட்டு, இவையே வாழ்க்கைக்கு நெருக்கமானவை என்பது அவர்களின் வாழ்க்கையை அறியாதவர் பேச்சு. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பயன்படாத வாசிப்பு வீண் என்ற எண்ணத்துக்குத் தனி மறுப்புத் தேவையில்லை. அது வாசிப்பைப் பற்றிய கருத்தே அன்று.

எதிர்த்தரப்பின் வலிமையான வாதம் ஒன்று எஞ்சியிருக்கிறது. அதனை இலேசாகத் தள்ளிவிட முடியாது. காணாமல் ஆக்கப்பட்டோரின் பிள்ளைகளும் சகோதரரும் வாழும் ஊரில், பிரிந்தவர் ஒருநாள் கண்டறியப்படுவர் என்று முடியும் கதை பொய் நம்பிக்கையை ஊட்டிப் புண்ணைக் கிளறாதா என்பதே அது. சுபமாக முடியும் மலிவுக் கதைகளைப் பொறுத்தவரை இக்கவலை சரியானது. ஊசோன் பாலந்தையின் முழு வடிவத்தைப் பொறுத்தவரை அது பொருந்தாது. சகோதரர் ஒன்றுசேர்ந்து, தாயும் கிடைத்து, தந்தையின் நகரும் மீட்கப்பட்ட பின்னர், போர்க்களமொன்றில் பகைவரின் கவசம் அணிந்து வந்த தன் தந்தையை அடையாளம் தெரியாமல் பாலந்தையே கொன்றுவிடுகிறான். அதற்குக் கழுவாயாக அவன் ஏழாண்டு வாய்பேசாமல், உருமாறிய பிச்சைக்காரனாக, தன் அரண்மனையின் படிக்கட்டுக்குக் கீழே கிடந்து, பந்தியில் மிஞ்சியதை உண்டு, தன்னைச் சார்ந்தோர் தன்னை அறியாமல் கடந்துசெல்ல, அங்கேயே இறக்கிறான். இறந்த பின்னரே அவன் யார் என்று தெரிகிறது. தொடக்கத்தில் பேச்சற்றிருந்தவன் ஊசோன். இறுதியில் பேச்சைத் துறப்பவன் பாலந்தை. கண்டடைதலும் ஒரு முடிவன்று, கண்டடைந்தவரையும் போர் மீண்டும் பறிக்கும், அடையாளம் தெரியாமல் செய்த செயலுக்கும் மனிதர் பொறுப்பேற்க வேண்டும் என்று ஒரு சாகசக் கதை இவ்வளவு துணிவாகச் சொல்லுமாயின், அதனைப் பொய் நம்பிக்கையின் பெயரால் தடுப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை.

எனவே இன்று வேண்டப்படுவது இன்னாசித்தம்பியின் நூலை அருங்காட்சியகப் பொருளாகப் போற்றுவது அன்று. 19ஆம் நூற்றாண்டு உரைநடை இன்றைய பிள்ளைக்கு எட்டாது. அக்கதையை இன்றைய தமிழில், பத்து முதல் பதினான்கு வயதினருக்காக, முழுமையாகத் திருப்பிச் சொல்லும் ஒரு நூல் வேண்டும். அதனை ஆசிரிய கலாசாலைகளில் பயிலும் இளம் ஆசிரியர்கள் வகுப்பறையில் நாளுக்கொரு பகுதியாக உரக்க வாசித்து, படிப்பினை என்ன என்று கேட்காமல், பிள்ளைகள் எழுப்பும் கேள்விகளுக்கு இடங்கொடுத்துப் பழக வேண்டும். அத்தகைய நூலைப் பதிப்பிப்போர் படிக்கட்டின் கீழ் நிகழும் அந்த ஏழாண்டைப் பிள்ளைகளுக்குக் கடுமையானது என்று கருதி நீக்கத் தலைப்படுவர். பிற்காலச் சிறுவர் பதிப்புகள் பல அவ்வாறே அதை நீக்கி, மகிழ்ச்சியான முடிவோடு கதையை நிறுத்திக்கொண்டன. அந்த அத்தியாயம் இல்லாத பதிப்பு எவ்வளவு அழகிய படங்களோடு வந்தாலும், கோப்பாய்ப் பாடசாலைகள் அதனை வாங்க வேண்டியதில்லை.